காட்டுக்கருவை

ஒயரை அறுத்தது நான்தான்.
கமிட்டி சொன்னது, அறுத்தேன்.
மார்கழி இரண்டாம் நாள், விடிய நாலு மணி,
பிளையர் பிடியில் பனி ஒட்டியிருந்தது.
குழாய் ஒருமுறை கனைத்துவிட்டு
வாய் மூடிக்கொண்டது.

அவர்கள் மூடவில்லை.
பாசிக்குப் போகிற பொம்பளைகள், இருபத்து மூன்று பேர்,
முன்னால் நம்புவள்ளி.
பாறை கிழிக்காமலிருக்க
விரல் பத்திலும் துணி சுற்றியிருக்கும்.
அந்த விரல்களால்தான் கும்பிடுவார்கள்.
கரைமேல் பெருமாள் பெயரை
வலை இழுக்கிற ஏற்ற இறக்கத்தில்
அவர்களே கட்டிக்கொண்ட அடிகளில்
பாசிக்காரத் தெருவிலிருந்து
சந்நிதித் தெரு வரைக்கும்.

சந்நிதித் தெருதான் தகராறு.
"பாசி வாடையோட வருதுக" என்றார் பொருளாளர்.
"எந்த ஊர்ல பொம்பளை ஜால்ரா தட்டுறா?"
என்றது இன்னொரு வாய்.
சொல்லாத காரணம் எல்லாருக்கும் தெரியும்.
அதற்கு வாடை கிடையாது.

ஆர்மோனியத் துருத்தியில் பிளேடு போட்டது நான் இல்லை.
யார் என்று தெரியும்.
ஜால்ரா நாலு ஜோடியும் ஸ்டேஷனுக்குப் போனது.
'பொது அமைதிக்குக் குந்தகம்' என்று எழுதி முடித்து
ஏட்டையா கைநாட்டுக் கேட்டார்.
நம்புவள்ளி பேனாவை வாங்கி
முழுப் பெயரையும் எழுதினாள்,
இனிஷியலோடு, நிதானமாக,
அவர் டீ ஆறிப்போகிற வரைக்கும்.

மறுநாள் தகரத் தட்டு.
முங்கும்போது காலில் கட்டிக்கொள்வார்களே,
தண்ணீரைத் தள்ளுகிற தகரம், அது.
இரண்டை ஒன்றோடொன்று தட்டினால்
இனிமை என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் தூங்க முடியாது.
பெருமாளும் தூங்கியிருக்க மாட்டார்.

தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம்.
பிஸ்கட் கொடுத்தார்கள்.
இருளாயி கேட்டது ஒன்றுதான்:
"தெரு யார் பேர்ல பட்டா ஆகியிருக்கு?"
பதிலுக்கு ஃபேன் சுற்றியது.

அன்று ராத்திரி மறுபடி என்னை அனுப்பினார்கள்.
ரெண்டு வண்டி காட்டுக்கருவை,
தெருமுனையில் கிடத்தி, மேலே கல் ஏற்றி.
இந்தச் சீமையில்
விதைக்காமல் விளைவது அது ஒன்றுதானே.
வேலை முடிகிறபோது
செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது.
பிடுங்கினேன். நுனி உள்ளேயே நின்றுவிட்டது.

நாலு மணிக்கு வந்தார்கள்.
முள்ளைப் பார்த்தார்கள்.
யாரும் ஏசவில்லை.
சேதுராக்கு மட்டும் காறித் துப்பினாள்,
அதுவும் அவளுக்குச் சளி.
கரை மணலும் கோயில் நிலம்,
போர்டுக்கு ஆணி அடித்ததே நான்.
தண்ணீரில் போர்டு இல்லை.
நம்புவள்ளி இடது கைப்பக்கம் திரும்பி
கடலுக்குள் இறங்கினாள்.

ஆண்கடல் என்று பெயர்தான்,
வாடைக் காலத்தில் அது குளம்.
இடுப்பளவில் வரிசையாக,
சேலை உப்பி மிதக்க,
தட்டைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டு
தெற்குப் பார்த்த பெருமாளுக்கு நேரே வந்து நின்று
நாமம் சொன்னார்கள்.
குழாய் கட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்,
எந்த ஆம்ப்ளிஃபயரிலும் அப்படி வந்ததில்லை.
பட்டர் அன்று தீபத்தை
வழக்கத்தைவிட ஒரு முழம் உயர்த்திக் காட்டினார்.
கமிட்டி அதைக் குறித்துக்கொண்டது.

இது மூன்றாவது மார்கழி.
கேஸ் ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போயிருக்கிறது.
முள் காய்ந்து, வேறு முள் வந்து, அதுவும் காய்ந்துவிட்டது.
இருபத்து மூன்று பேரில் ரெண்டு பேர் இறந்துபோனார்கள்.
ஒருத்தி பொருளாளர் வீட்டுக்கு
வேலைக்குப் போனாள், வருவதில்லை.
இப்போது முப்பத்தொன்று.
எண்ணுவதும் என் வேலைதான்.

முந்தாநாள் நான் நொண்டி நடப்பதைப் பார்த்து
நம்புவள்ளி தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்.
"உக்காரு தனுஷ்கோடி, எடுத்துவிடுறேன்.
எத்தனை வருசமா வச்சிருக்க?"

வேண்டாம் என்றேன்.
யாராவது பார்த்தால்?

ஊக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.
"சரி. வலிச்சா வா.
நாலு மணிக்குத் தண்ணியிலதான் இருப்போம்."